லாரிக் கதவில் எழுதியிருக்கும் எடை: ‘டேர்’ என்ற சொல்லும் அது செய்யும் வேலையும்

மலேசியாவில், ஈப்போவுக்கும் கோலாகங்சாருக்கும் நடுவில் இருக்கிறது சுங்கை சிப்புட். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் இந்த ஊரில் அன்றாடக் காட்சி. அடுத்த முறை சிவப்பு விளக்கில் ஒன்று பக்கத்தில் வந்து நின்றால் அதன் கதவைப் பாருங்கள். BTM, BDM என்று இரண்டு மலாய்ச் சுருக்கங்கள் இருக்கும்; தமிழில் எழுதினால் இரண்டும் ‘பி.டி.எம்.’ ஆகிவிடும். முதலாவது பெராத் தன்பா முவாத்தான், அதாவது சுமை இல்லாத எடை. இரண்டாவது பெராத் டெங்கான் முவாத்தான், சுமையோடு அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பது. இரண்டையும் கிலோவில் எழுதியிருப்பார்கள்.

முதலாவதற்குப் பக்கத்துச் சொந்தமாக ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல் உண்டு: ‘டேர்’. ஆங்கிலம் நன்றாகப் பேசுபவர்களில் பலருக்கே தெரியாத பெயர்ச்சொல். சீன மளிகைக் கடையின் மின் தராசில் ஒரு பொத்தானாக, சமையல் எரிவாயுத் தோம்பின் கழுத்தில் ஓர் எண்ணாக, கப்பல் பெட்டியின் கதவில் ஒரு வரியாக அது தினமும் நம் கண்ணில் படுகிறது. பொருளை வைத்திருக்கும் கலத்தின் எடை என்பதுதான் அதன் பொருள். சாக்கு, கூடை, வாளி, டின், லாரி எதுவாகவும் இருக்கலாம். முழு எடையிலிருந்து டேரைக் கழித்தால் நிகர எடை வரும். காசு கொடுப்பது அந்த நிகர எடைக்கு.

இரண்டாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் தோட்டத்தையும் கடைத்தெருவையும் சுற்றியே பிழைப்பு நடக்கிற ஊரில், எடையைப் பற்றிய சண்டைகள் பெரும்பாலும் இந்தக் கழித்தலில்தான் பிறக்கின்றன என்பது என் எண்ணம். முழு எடையை எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். விலைக்கு அடித்துப் பேசுகிறார்கள். காலிச் சாக்கு எவ்வளவு என்று கேட்கிற ஆள் குறைவு.

சொல் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூலம் அரபு. ‘தரஹ’ என்றால் எறிந்துவிடு, தள்ளிவிடு. அதிலிருந்து வந்த ‘தர்ஹ்’, தள்ளப்பட்டது. அரபுப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் கழித்தல் கணக்கை அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். மத்தியதரைக் கடல் வணிகத்தில் இத்தாலியர்கள் அதை ‘தாரா’ ஆக்கினார்கள், பிரெஞ்சுக்காரர்கள் ‘தார்’ என்றார்கள், 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. மலாயிலும் இந்தோனேசியாவிலும் ‘தாரா’ என்றே இருக்கிறது. கிறிஸ்துவர்கள் இதே எழுத்துகளில் இன்னொரு சொல்லை ஆங்கில வேதாகமத்தில் பார்த்திருப்பார்கள். மத்தேயு 13-ஆம் அதிகாரத்தில் கோதுமைக்குள் சத்துரு விதைத்துவிட்டுப் போகும் களைக்குப் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் அதே பெயர். அது வேறு வேரிலிருந்து வந்த வேறு சொல். இரண்டையும் முடிச்சுப்போட வேண்டாம்.

பழைய ஆங்கில வணிகர்கள் டேரோடு நிற்கவில்லை. டேரைக் கழித்த பிறகு வருவதற்கு ‘சட்டில்’ என்று ஒரு பெயர் வைத்தார்கள். அதிலும் தூசிக்கும் சேதாரத்துக்கும் 104 ராத்தலுக்கு 4 ராத்தல் விட்டுக்கொடுத்தார்கள்; அதற்கு ‘ட்ரெட்’ என்று பெயர். அதற்கும் மேல், சில்லறையாகப் பிரித்து விற்கும்போது குறையாமல் இருக்க, 336 ராத்தலுக்கு 2 ராத்தல் வீதம் ‘கிளாஃப்’ என்று ஒரு கழிவு. இந்த மூன்றும் அகராதிக்குள் போய்ப் படுத்துவிட்டன. டேர் மட்டும் பிழைத்துக்கொண்டது. நல்லதுதான். மூன்று பெயரில் கழித்தால் விற்பவனுக்கு மிஞ்சுவது என்ன?

செம்பனை ஆலையின் தராசு மேடைக்கு வருவோம். சொல்லின் முழு வீச்சும் தெரிவது அங்கேதான்.

குலை ஏற்றிய லாரி மேடையில் ஏறுகிறது. மேடைக்கடியில் இருக்கும் உணரிகள் மொத்தப் பாரத்தையும் வாங்கி எண்ணாகக் காட்டுகின்றன. 14,860 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நேரத்தோடு அது பதிவாகிறது. லாரி உள்ளே போய்க் குலையைக் கொட்டிவிட்டுத் திரும்ப வந்து மேடையில் ஏறுகிறது. இப்போது 6,240. இதுதான் அன்றைய டேர். வித்தியாசம் 8,620 கிலோ. ஒரு டன் 800 வெள்ளி (ரிங்கிட்) என்று கணக்குக்காகப் பிடித்தால் 6,896 வெள்ளி. பழுக்காத குலை, 5 சென்டிமீட்டரைத் தாண்டிய நீளக் காம்பு, தண்ணீர் தெளித்த குலை என்று தரம் பார்த்துக் கழிப்பது தனிக் கணக்கு. அதைப் பழத்தைக் காட்டி வாதாடலாம். டேரை வாதாட வேண்டுமென்றால் லாரியைத்தான் காட்ட வேண்டும், அதுவோ வாசலைத் தாண்டிப் போயிருக்கும்.

இரண்டு நிறுவைக்கும் நடுவில் லாரியில் எது மாறினாலும் அது பழத்தின் எடைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஏற்றி வரும்போது கிளீனர் தம்பி உள்ளே இருந்து, காலியாகத் திரும்பும்போது இறங்கி நின்றால், அவருடைய எழுபது கிலோவும் செம்பனையாகிவிடும். விற்பவருக்கு ஆதாயம். மாறாக, கொட்டிய பிறகு நூறு லிட்டர் டீசல் ஊற்றிக்கொண்டு மேடைக்கு வந்தால், ஏறத்தாழ 84 கிலோ டேரில் கூடும். அத்தனை பழம் காணாமல் போனதாகக் கணக்கு. தண்ணீர் இன்னும் கனம், லிட்டருக்கு ஒரு கிலோ. வண்டியில் இருநூறு லிட்டர் தொட்டி ஒன்று இருந்து, முதல் நிறுவையில் நிறைந்தும் இரண்டாவதில் காலியாகவும் இருந்தால், ஆலை இருநூறு கிலோ தண்ணீருக்குப் பணம் கொடுக்கிறது. மழைநாளில் நனைந்த தார்ப்பாயும் சக்கரத்தில் ஒட்டிய செம்மண்ணும் இருக்கின்றன. யாரும் வஞ்சகம் செய்யாமலே எண் நகரும்.

அதனால்தான் மேடையில், நிறுவைச் சீட்டு எடுக்கும் அக்காவுக்கும் லாரிக்காரருக்கும் இடையே இந்த மாதிரிப் பேச்சு அடிக்கடி கேட்கும்:

“அண்ணே, வரும்போது ரெண்டு பேரு இருந்தீங்களே, இன்னொருத்தர் எங்க?”

“டாய்லெட் போயிருக்கான்க்கா, வந்துருவான்.”

“வரட்டும். அவரு ஏறுன பிறகு சீட்டு எடுக்கிறேன்.”

பின்னால் வரிசையில் நிற்கிறவர் ஹார்ன் அடிப்பார். சன்னல் வழியே பேசும் அந்த அக்கா சரியாகத்தான் செய்கிறார். ஆள் இருப்பதோ இல்லாததோ தப்பில்லை, இரண்டு தடவையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இருவரும் இரண்டு முறையும் உள்ளேயே இருந்தால் கழித்தலில் அவர்கள் அடிபட்டுப் போவார்கள். இரண்டு முறையும் இறங்கி நின்றாலும் அப்படித்தான்.

தராசு மேடை கிராம் கணக்குப் பார்க்காது. பத்து அல்லது இருபது கிலோ படிகளில்தான் காட்டும். ஆகவே ஒரு குடை, ஒரு சாப்பாட்டுப் பை பற்றிக் கவலை வேண்டாம். ஒரு மனிதர், ஒரு ஸ்பேர் டயர், பாதித் தொட்டி டீசல், இவற்றைப் பற்றிக் கவலைப்படலாம்.

இதைவிட வில்லங்கம் பிடித்தது ‘சேமித்த டேர்’. ஒவ்வொரு முறையும் காலி லாரியை நிறுப்பது நேரம் பிடிக்கும் வேலை. அதனால் வாடிக்கையாக வரும் வண்டியின் காலி எடையை ஒரு முறை எடுத்துக் கணினியில் வைத்துக்கொண்டு, பிறகு முழு எடையை மட்டும் நிறுத்துக் கழிப்பதும் உண்டு. வசதிதான். ஆனால் லாரி என்பது வருஷத்துக்கு வருஷம் மாறுகிற ஜந்து. பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்து, கனமான தகடு போட்டுப் பற்றவைத்தால் டேர் கூடும். பக்கக் கதவைக் கழற்றிவிட்டால் குறையும். பதிவில் பழைய எண்ணே இருந்தால், உண்மையான டேர் கூடிய லாரி ஒவ்வொரு நடையிலும் தன் சொந்த இரும்பைப் பழமாக விற்கும்; குறைந்த லாரி ஒவ்வொரு நடையிலும் பழத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகும். கதவில் எழுதியிருக்கும் எண்ணுக்கும் இதே கதிதான். அது வண்டியைப் பதிவு செய்த கணக்கு. சாலைப் போக்குவரத்துத் துறை அதிகப் பாரம் பிடிக்க உதவும், உங்கள் பழத்துக்குப் பணம் கணக்கிட உதவாது.

ஐந்து, பத்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள் பலர் ஆலைக்கு நேரே போவதில்லை. பக்கத்து ரேம்ப்பில், அதாவது குலையை வாங்கிச் சேர்க்கும் இடத்தில், வியாபாரியிடம் கொட்டுகிறார்கள். பழைய ஹைலக்ஸ் வண்டி, பின்னால் குலை குவியல். அங்கே “இந்த வண்டி எத்தனைன்னு எனக்குத் தெரியும்லா, நீ கொட்டிட்டுப் போ” என்ற நம்பிக்கைதான் டேர். பெரும்பாலும் அந்த நம்பிக்கை நாணயமானதாகவே இருக்கும். ஆனாலும் கணக்கைப் பாருங்கள்: டேர் 120 கிலோ கூடுதலாகப் பதிந்திருந்தால், மேலே சொன்ன விலைக்கு ஒரு நடைக்கு 96 வெள்ளி. மாதம் இரண்டு அறுவடை என்றால் வருஷத்துக்கு 2,304 வெள்ளி. ஓர் உர மூட்டைக்கு அடித்துப் பேசி ஐந்து வெள்ளி குறைப்பவர்கள் இதைக் கேட்காமல் விடுவது எனக்கு விளங்கவே இல்லை.

கேட்பது எளிது. சீட்டில் மூன்று எடையும் இரண்டு நேரமும் இருக்க வேண்டும். முழு எடை எடுத்த நேரம் ஒன்று, காலி எடை எடுத்த நேரம் ஒன்று. இரண்டாவது நேரம் இல்லையென்றால், அல்லது போன மாதச் சீட்டிலும் இந்த மாதச் சீட்டிலும் டேர் ஒரு கிலோ பிசகாமல் ஒன்றாக இருந்தால், நிறுக்காமல் பதிவிலிருந்து எடுத்திருக்கலாம் என்று சந்தேகப்படலாம். வருஷத்தில் சில தடவையாவது காலியாக நிறுத்துக் காட்டச் சொல்லலாம். உரம் போன்ற சரக்கு வாங்கும்போது வரிசை தலைகீழ்: முதலில் காலி, பிறகு பாரம். அங்கே டேர் குறைவாகப் பதிவானால்தான் வாங்குபவருக்கு நஷ்டம்.

ரப்பர் காலத்திலும் இந்தக் கணக்கு இருந்தது, வாளி வடிவத்தில். வெட்டு முடிந்து மங்கிலிருந்து (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்) பால் சேர்த்து, காண்டாவில் (தோளில் வைக்கும் காவடித் தண்டு) இரண்டு வாளியும் தொங்க ஸ்டோருக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். பாலை நிறுக்கும்போது வாளியின் எடை கழிய வேண்டும். ஆனால் அங்கே வாளி எடையைவிடப் பெரிய விஷயம் பாலுக்குள் இருந்த தண்ணீர். மரத்திலிருந்து வடியும் பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அதனால் கிராணி (தோட்டக் கணக்கர்) மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அது எவ்வளவு மூழ்குகிறது என்று பார்த்து, காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்கெடுப்பார். காலையில் மழை தூறிப் பால் நீர்த்துவிட்டால் பழி வெட்டுக்காரர் தலையில் விழும்.

தண்ணீரைக் கழிப்பது டேர் ஆகாது என்பதை இங்கே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். டேர் என்பது பொருளுக்கு வெளியே இருப்பது, கலம். தண்ணீர் பொருளுக்குள்ளேயே இருப்பது. இரண்டையும் ஒரே வாயில் ‘கழிவு’ என்று நாம் சொல்லிவிடுவதால்தான் குழப்பம். கட்டிப்பால் விற்கும்போது இது நன்றாகத் தெரியும். மங்கில் உறைந்த கட்டிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு போகிறோம். வியாபாரி முதலில் சாக்குக்குக் கழிக்கிறார், அது டேர். பிறகு ஈரத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று விலையைக் குறைக்கிறார், அது வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். சேர்த்து ‘எல்லாம் போக இவ்வளவு’ என்றால் எந்தக் கழிவில் கை நீண்டது என்று கண்டுபிடிக்க முடியாது.

சாக்குக் கணக்கிலேயே ஒரு பழைய பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. வணிகத்தில் டேரை மூன்று விதமாக எடுப்பார்கள். ஒவ்வொரு கலத்தையும் தனியாக நிறுத்தால் அது உண்மை டேர். சிலவற்றை மட்டும் நிறுத்துச் சராசரி எடுத்தால் சராசரி டேர். நிறுக்கவே நிறுக்காமல், இன்ன சாக்குக்கு இன்ன எடை என்று ஊர் வழக்கப்படி கழித்தால் வழக்க டேர். பழைய சணல் சாக்கு கனமானது, பெரிய சாக்கு ஒன்றே ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் வரும். அதற்கு ஒரு கிலோ கழித்தது நியாயம். இப்போது நாம் கட்டிப்பால் போடுவது உர மூட்டையின் பின்னல் பிளாஸ்டிக் சாக்கில். காய்ந்திருந்தால் அது நூறு கிராமை ஒட்டித்தான் இருக்கும். சணலுக்கான ஒரு கிலோவை பிளாஸ்டிக் சாக்குக்கும் கழித்தால், பத்துச் சாக்குக்கு ஒன்பது கிலோ போகிறது. வியாபாரி பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. கட்டிப்பால் தண்ணீரில் ஊறிய சாக்கு காய்ந்த சாக்கைவிடக் கனம்தான். அப்படியானால் கொட்டிய பிறகு அந்த ஈரச் சாக்கையே தராசில் போடுவோம். அரை நிமிட வேலை.

டாச்சிங் என்ற பழைய தூக்குத் தராசைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே தட்டு, கயிற்றில் தொங்கும். மறுபக்கம் கோடு போட்ட தண்டு, அதில் நகரும் குண்டு. பாரிசான் நேசனல் அரசியல் கூட்டணியின் சின்னத்தில் இருப்பதும் டாச்சிங்தான். 100 காத்தி ஒரு பிக்குல், அதாவது அறுபது கிலோவுக்குச் சற்று மேல், என்று நிறுத்த காலம் அது. அந்தத் தராசில் டேர் கழிக்கிற வேலையே இல்லை என்று பலர் நினைப்பார்கள். உண்மையில், தராசு செய்தவனே கழித்துவிட்டான். தட்டு காலியாக இருக்கும்போது தண்டு மட்டமாக நிற்கும் இடத்தில்தான் முதல் கோடு. தட்டின் எடை தண்டின் கணக்குக்குள் ஏற்கெனவே போய்விட்டது.

அதனால் டாச்சிங்கில் ஏமாற்ற நினைப்பவன் குண்டில் கை வைப்பதைவிடத் தட்டில் கை வைப்பது சுலபம். விற்பவன் தட்டைக் கனமாக்குவான்: அடியில் ஈயம், இல்லாவிட்டால் வேறு தட்டு. ரப்பர் வாங்குகிறவனுக்கு எதிர்த்திசை வேண்டும். தட்டு லேசாக இருந்தால்தான் அவனுக்கு ஆதாயம். சோதனை இருவருக்கும் ஒன்றுதான். காலித் தட்டோடு தூக்கச் சொல்ல வேண்டும், குண்டு முதல் கோட்டில் இருக்கும்போது தண்டு மட்டமாக நிற்க வேண்டும்.

மின் தராசு வந்த பிறகு தட்டு மாறவில்லை, பொத்தான் வந்தது. சந்தையில் மீன் வாங்கும்போது முன்பக்கத் திரையைப் பாருங்கள். பொத்தான்களில் ஒன்று ‘ஜீரோ’, இன்னொன்று ‘டேர்’. நம் ஆட்கள் இரண்டையும் ‘சைபர் போடு’ என்றே சொல்வார்கள், ஆனால் வேலை வேறு. ஜீரோ என்பது காலித் தராசைச் சீர்செய்வது: தட்டில் ஒன்றுமே இல்லாதபோது ஐந்து, பத்து கிராம் காட்டினால் அதை அழிப்பது. டேர் என்பது கூடையை வைத்த பிறகு அந்தக் கூடையின் எடையைத் தராசு ஞாபகம் வைத்துக்கொண்டு கழிப்பது. கூடையோடு சைபர் காட்டும். கூடையைத் தூக்கினால் கழித்தல் குறியோடு எண் வரும். மைனஸ் 0.150 என்று வந்தால், கூடை 150 கிராம், அதைக் கழித்துவிட்டார் என்று அர்த்தம். அப்படி மைனஸ் வராமல், காலித் தராசு நேர் சைபரில் இருந்து, மீனைக் கூடையோடு வைத்து விலை சொன்னால், கூடைக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். கிலோ 28 வெள்ளி மீனுக்கு அந்த 150 கிராம் 4 வெள்ளி 20 காசு. மெல்லிய பிளாஸ்டிக் பைக்காகச் சண்டை போட வேண்டாம், அது சில கிராம். தண்ணீர் சொட்டும் தடித்த கூடையும் இறாலோடு சேர்ந்து ஏறும் ஐஸ் துண்டும்தான் பார்க்க வேண்டியவை. ஐஸ் டேரும் அல்ல, பொருளும் அல்ல. அதைத் தட்டிவிட்டு நிறுக்கச் சொல்வதுதான் வழி.

வீட்டுச் சமையல் தராசில் இதே பொத்தான் எத்தனை சௌகரியம் என்பது தீபாவளிப் பலகாரம் செய்கிறவர்களுக்குத் தெரியும். பாத்திரத்தை வை, அழுத்து, மாவைப் போடு, அழுத்து, சீனியைப் போடு, அழுத்து, நெய்யை ஊற்று. ஒவ்வொரு முறையும் ஏற்கெனவே உள்ளே இருப்பதெல்லாம் டேராகிவிடும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: தராசின் மொத்தத் தாங்கும் எடை மாறாது. ஐந்து கிலோ தராசில் இரண்டு கிலோ இரும்புச் சட்டியை வைத்துச் சைபர் போட்டால், மிச்சம் மூன்று கிலோதான் நிறுக்கலாம்.

கடைத் தராசுகளுக்கு மலேசியாவில் 1972-ஆம் ஆண்டின் எடை, அளவுச் சட்டம் இருக்கிறது. வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் தராசைச் சோதித்து முத்திரை வாங்க வேண்டும். ஒட்டியிருக்கும் சீட்டை வாடிக்கையாளர் பார்த்துக்கொள்ளலாம். புகார் என்றால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் போகலாம். ஆனால் முத்திரை சொல்வது தராசு சரி என்பதை மட்டும். கடைக்காரர் டேர் பொத்தானை அழுத்தினாரா என்று முத்திரை சொல்லாது.

நகை அடகு வைப்பவர்களுக்கு டேர் என்ற சொல் தெரியாவிட்டாலும் காரியம் தெரியும். பழைய கல் அட்டிகையைக் கொண்டுபோனால் கல்லுக்குக் கழிப்பார்கள். உள்ளே அரக்கு அடைத்த நகை என்றால் அரக்குக்கும் கழிப்பார்கள். கல்லையும் அரக்கையும் வெளியே எடுத்து நிறுக்க முடியாததால், இங்கே எப்போதும் மதிப்பீடுதான். வாங்கிய கடையின் ரசீதில் கல் எடையைத் தனியாக எழுதி வாங்கியிருந்தால் பேச ஒரு பிடி கிடைக்கும்.

எல்லா இடத்திலும் டேரைக் கழிப்பார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அஞ்சலகத்தில் பொட்டலத்தைப் பெட்டியோடுதான் நிறுக்கிறார்கள், பெட்டிக்கும் சேர்த்துத்தான் கட்டணம். சென்னைக்கோ திருச்சிக்கோ விமானம் ஏறும்போதும் அப்படித்தான். முப்பது கிலோ அனுமதி என்றால் அதில் பெட்டி ஐந்து கிலோ. மைலோ டின்னுக்கும் சேலைக்கும் மிஞ்சுவது இருபத்தைந்து. இதில் அநியாயம் இல்லை. அவர்கள் விற்பது பொருளை அல்ல, சுமப்பதை. பெட்டியும் சுமைதான். பொருளை வாங்கும்போது கலம் கழிய வேண்டும், தூக்கச் சொல்லும்போது கழியாது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் எங்கே கேள்வி கேட்கலாம், எங்கே கேட்டுப் பயனில்லை என்பது தானாகத் தெரியும்.

டின் உணவில் நடுவாந்தரமான ஒரு நிலை. 1985-ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள்படி லேபிளில் நிகர எடை இருக்க வேண்டும், டின்னின் எடை அதில் சேராது. ஆனால் லைச்சிப் பழ டின்னில் பாகும் நிகர எடைக்குள் வந்துவிடும். அதற்காகத்தான் திரவத்தில் போட்ட உணவுக்கு ‘வடித்த எடை’ என்று இன்னோர் எண்ணையும் கேட்கிறார்கள். வடித்த எடையைப் பார்த்தால் பல டின்களில் பழம் பாதிக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

சுங்கை சிப்புட் நிலையத்தில் ஈடிஎஸ் ரயிலுக்குக் காத்திருக்கும்போது சரக்கு ரயில் ஒன்று நீளமாகக் கடந்துபோகும், பாடாங் பெசாருக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் நடுவே ஓடும் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு. வண்டி மெதுவாகப் போனால் பெட்டிக் கதவுகளில் ‘டேர்’ என்ற சொல்லையே படிக்கலாம். இருபது அடிப் பெட்டி காலியாகவே 2,200 கிலோவை ஒட்டி இருக்கும், நாற்பது அடி என்றால் 3,700-க்கு மேல். இந்த எண் பணத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கும் உரியது. 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் எம்.எஸ்.சி. நாப்போலி என்ற கப்பலின் உடல் பிளந்தது. பிறகு மேல்தளத்தில் நனையாமல் இருந்த பெட்டிகளை நிறுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெட்டி அறிவித்த எடையிலிருந்து 3 டன்னுக்கு மேல் வேறுபட்டது. 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்க்காத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்று உலக விதி வந்தது. சரிபார்க்க இரண்டு வழி: அடைத்த பெட்டியை அப்படியே நிறுப்பது, அல்லது உள்ளே போடும் ஒவ்வொன்றையும் நிறுத்துக் கூட்டி, அதோடு கதவில் எழுதியிருக்கும் டேரைச் சேர்ப்பது. வழக்கமாகக் கழிக்கிற எண்ணை இங்கே கூட்டுகிறோம்.

சில வேளை மனிதரே டேர் ஆவதும் உண்டு. தராசில் அசையாமல் நிற்க மறுக்கிற குழந்தையைத் தாயோடு சேர்த்து நிறுத்து, பிறகு தாயை மட்டும் நிறுத்துக் கழிப்பார்கள். கிளினிக்கில் கைக்குழந்தை என்றால் முதலில் துணியைத் தராசில் விரித்துச் சைபர் போட்டுவிட்டுப் பிறகு பிள்ளையைப் படுக்க வைப்பார்கள். துணி விரிக்கும் முன்பே சைபர் போட்டுவிட்டால், கெட்டித் துவாலையின் எடையும் பிள்ளையின் வளர்ச்சி அட்டையில் ஏறிவிடும்.

வீட்டில் இன்றைக்கே செய்து பார்க்கக்கூடியது எரிவாயுத் தோம்புக் கணக்கு. தோம்பின் கழுத்துப் பக்கத்தில் அதன் காலி எடை எழுதியிருக்கும், ஒவ்வொரு தோம்புக்கும் கொஞ்சம் வித்தியாசப்படும். 14 கிலோ எரிவாயு பிடிக்கும் தோம்பு ஒன்றில் காலி எடை 15.2 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தபோது மொத்தம் 29.2 இருக்க வேண்டும். பெருநாளுக்கு முந்தின நாள் ‘கேஸ் தாங்குமா’ என்று தோம்பை ஆட்டிப் பார்ப்பதைவிட, அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரைக் கழற்றி, தோம்பை நேராக நிறுத்தியபடியே தராசில் வையுங்கள். 19.7 காட்டினால் உள்ளே நாலரைக் கிலோ இருக்கிறது, முறுக்குக்குத் தாங்கும். 15.9 காட்டினால் கடைக்காரருக்கு இப்போதே போன் போட்டுவிடுங்கள், பெருநாள் காலையில் அவர் எடுக்க மாட்டார்.